வாகனக் கேள்வி–பதில்: மொறிஸ் மைனரும் மறைந்துபோன மொறிஸும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே காரைப் பற்றியவை. ஆகவே பஸ், லான்ட்மாஸ்ரர், ஓட்டோக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டோம்.

சாவகச்சேரி வாசகர்: அப்பப்பாவின்ர 1959 மொறிஸ் மைனர் 18 வருசமாகக் கொட்டிலுக்குள்ள நிக்குது. புதுப் பற்றறி வாங்கிப் பூட்டி ஸ்ராற் பண்ணிப் பாக்கலாமோ ஐயா?

வேண்டாம். நின்ற எஞ்சின் கெடுவதை விட, அவசரப்பட்டு ஸ்ராற் பண்ணிய எஞ்சின் கெடுவதுதான் அதிகம். பற்றறியைக் கடைசியாக வாங்குங்கள்.

முதலில் நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். எஞ்சின் ஒயிலும் டீசலும் பாதிக்குப் பாதி கலந்து, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் இரண்டு தேக்கரண்டி ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, முன் பம்பருக்கு ஊடாகப் போகும் கைக்கிராங்கைப் போட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அசையாவிட்டால் கிராங்குக்கு நீளக் குழாய் மாட்டி நெம்பாதீர்கள். கறள் பிடித்த சிலிண்டரில் பிஸ்டன் றிங் ஒட்டியிருக்கும். பலவந்தம் பண்ணினால் றிங் உடையும். இன்னும் கொஞ்சம் ஊற்றி இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்.

சுற்ற ஆரம்பித்தால் பழைய ஒயிலை இறக்குங்கள். பில்ற்றரோடு சேர்த்து ஏறத்தாழ 4 லீற்றர் 20டபிள்யூ-50 ஒயில் போகும். மேலே றொக்கர் மூடியை இரண்டு நட் கழற்றித் திறந்து, அதற்குள்ளும் ஒரு கோப்பை ஒயிலை ஊற்றிவிடுங்கள். 18 வருசமாகக் காய்ந்த கம்சாஃப்ற்றுக்கு, அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டுக்கு, முதல் நிமிடம்தான் ஆபத்து. பிளக் இல்லாமலே பற்றறியில் ஸ்ராட்டரைப் பத்துப் பத்துச் செக்கனாகச் சுற்றவிட்டு, மீற்றரில் உள்ள ஒயில் லைற் அணையும்வரை பொறுத்திருந்துதான் பிளக்கைப் பூட்ட வேண்டும்.

பெற்றோல் தாங்கி 1957க்குப் பிறகு வந்த காரில் 6.5 கலன், அதாவது கிட்டத்தட்ட 29 லீற்றர். உள்ளே இருக்கிற பழைய பெற்றோல் வார்னிஷ் மணக்கும். அதை எஞ்சினுக்கு அனுப்பக் கூடாது. தாங்கியை இறக்கிக் கழுவுங்கள். பற்றறியைக் கொடுத்து சாவியைத் திருப்பியதும் பல்க்ஹெட்டில், அதாவது எஞ்சினுக்கும் சாரதிக்கும் நடுவில் உள்ள தகட்டில், இருக்கிற எஸ்யூ பெற்றோல் பம்ப் 'டிக் டிக்' என்று அடித்து, காபரேற்றர் நிறைந்ததும் நிற்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் ஸ்க்ரூட்றைவர் பிடியால் மெதுவாக ஒரு தட்டு. தட்டியதும் ஓடினால் உள்ளே இருக்கிற பொயின்ற் கருகியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு ஓடும், தெல்லிப்பழை தாண்டி வெயிலில் நிற்கும்போது ஓடாது. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுக்கு, அல்லது தாங்கி வெறுமை.

டிஸ்ரிபியூட்டர் பொயின்ற் இடைவெளி ஆயிரத்தில் 15 அங்குலம், பிளக் இடைவெளி ஆயிரத்தில் 25. றேடியேற்றர் பக்கத்தில் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். தீ பற்றும் ஒழுங்கு 1-3-4-2. றோட்டர் எதிர்க்கடிகாரமாகச் சுற்றும். வயரைக் கழற்றிவிட்டுப் பிறகு எது எதற்கென்று தேடுகிறவர்கள் இதைக் கொட்டில் சுவரில் எழுதி வையுங்கள்.

எஞ்சின் உறுமியவுடன் வீதிக்கு எடுக்க வேண்டாம். பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில் இருக்கிறது. தண்ணீரும் சேறும் முதலில் அடிப்பது அதைத்தான். முன் சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு, பின் சில்லு ஒவ்வொன்றுக்கும் ஒன்று, மொத்தம் ஆறு சில்லுச் சிலிண்டர். ஒன்று இறுகியிருந்தாலும் கார் ஒரு பக்கம் இழுக்கும். எல்லாவற்றின் றப்பர் வாஷரும், மூன்று வளையும் ஹோஸும் புதிதாக வேண்டும். இந்த வகைக்கு ஒரே பிறேக் வட்டம்தான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சில்லும் போய்விடும். ரயரில் பூ இருக்கிறது என்று பார்க்காமல் வயதைப் பாருங்கள்.

கோண்டாவில் வாசகர்: இவ்வளவு நல்ல கார் செய்த கொம்பனி எப்படி அழிஞ்சது? ஜப்பான்காரன்தான் அழிச்சதெண்டு அண்ணா சொல்லுறார்.

அண்ணா சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஜப்பான் கார்கள் பிரித்தானியாவில் குவிவதற்கு முன்பே மொறிஸுக்கு நோய் பிடித்துவிட்டது. ஆரம்பத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

வில்லியம் மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட்டில் சைக்கிள் திருத்தியவர். 1913இல் முதல் மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட் கார் வந்தது. எஞ்சின், அச்சு, காபரேற்றர் எல்லாவற்றையும் வேறு வேறு கொம்பனிகளிடம் வாங்கி ஒக்ஸ்ஃபோர்ட்டை ஒட்டிய கௌலியில் பூட்டினார். 1921 தொடக்கத்தில் சந்தை படுத்துக் கிடந்தபோது மற்றவர்கள் விலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு காருக்கு 100 பவுண் குறைத்தார். விற்பனை பறந்தது. அதன் பிறகு வூல்ஸ்லி, றைலி போன்ற பெயர்களை வாங்கிச் சேர்த்தார். எம்ஜி என்ற பெயரே 'மொறிஸ் கராஜ்' என்பதன் முதலெழுத்துகள். 1934இல் அவர் நஃபீல்ட் பிரபு ஆனார்.

1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் மைனர் வந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பின்னாளில் மினி செய்தவர். மாதிரிக் காரைப் பார்த்த இசிகோனிஸுக்கு அகலம் போதவில்லை. நீளவாக்கில் இரண்டாக வெட்டி 4 அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தார். அப்படியே செய்யச் சொன்னார். பம்பர்களுக்கு ஏற்கெனவே அச்சு செய்தாகிவிட்டது. அதனால் தொடக்க காலப் பம்பர்களை நடுவில் வெட்டி ஒரு துண்டு தைத்தார்கள். பொனற்றின் நடுவில் மேடாக ஓடும் பட்டி அந்த 4 அங்குலம்தான். உங்கள் ஊர் மைனரின் மூக்கில் கையை வைத்துப் பாருங்கள், தட்டுப்படும். நஃபீல்டுக்கு இந்தக் கார் பிடிக்கவில்லை. நீரில் அவித்த முட்டை போல இருக்கிறது என்றார் என்பார்கள். அந்த முட்டை 16 லட்சத்துக்கு மேல் விற்றது. பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அதுதான்.

வீழ்ச்சி 1952இல் தொடங்குகிறது. அந்த வருடம் மொறிஸும் பரம எதிரி ஒஸ்ரினும் பிஎம்சி என்ற ஒரே கொம்பனியாக இணைந்தன. தலைமைக்கு வந்தவர் ஒஸ்ரின் பக்கத்து லெனாட் லோர்ட். 1936இல் நஃபீல்டோடு முரண்பட்டு மொறிஸை விட்டுப் போனவர் அவர்தான். நல்லது ஒன்று நடந்தது: மைனருக்கு ஒஸ்ரினின் 803 சிசி ஏ-வரிசை எஞ்சின் கிடைத்தது. பழைய 918 சிசி எஞ்சினை விட அது உயிருள்ளது. ஆனால் விற்பனைச் சாலைகள் இரண்டும் இரண்டாகவே இருந்தன. ஒரே காரை இரண்டு முகத்தோடு விற்க வேண்டியதாயிற்று. 1959இல் வந்த, இத்தாலிய ஃபரினா வடிவமைத்த காரை ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட், வூல்ஸ்லி, றைலி, எம்ஜி என்று ஐந்து பெயரில் விற்றார்கள். முகத்தட்டும் பின் விளக்கும்தான் வேறு. யாழ்ப்பாணத்தில் ஹயர் ஓடிய கேம்பிறிட்ஜுக்கு மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட் உதிரிகள் பொருந்துவது இதனால்தான். ஐந்து கடைப் பெயர்ப் பலகையை ஒரே கடைக்குப் போட்டால் ஒவ்வொரு பலகைக்கும் கூலி வேண்டாமா?

மினி 1959இல் சுமார் 497 பவுணுக்கு வந்தது. சனத்துக்குப் பிடித்தது, கொம்பனிக்கு இலாபம் மிகக் குறைவு. இலாபம் இல்லாதபோது புதிய மைனர் செய்யக் காசு எங்கே? 1948இல் வந்த காரையே 1970வரை விற்றார்கள். 1968இல் லொறி, பஸ் செய்த லேலண்ட் உடன் சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட். 1971இல் மைனருக்குப் பதிலாக மரினா வந்தது: மேலே புது உடம்பு, கீழே முன் சஸ்பென்ஷன் அதே மைனர் வகை. வளைவில் நேராகப் போகப் பார்க்கிறது என்று பத்திரிகைகள் அன்றே எழுதின. வேலைநிறுத்தங்கள், தரக் குறைவு, 1975இல் அரசு கையேற்பு. மரினாவுக்கு முகம் கழுவி 'இட்டால்' என்று பெயர் மாற்றினார்கள். 1984இல் இட்டால் நின்றது, மொறிஸ் பெயரும் கார்களில் இருந்து போய்விட்டது. ஒஸ்ரின் பெயர் 1987வரை தாக்குப் பிடித்தது.

எங்கள் கணிப்பில் ஜப்பான்காரன் வந்தது சாவு வீட்டுக்கு.

நல்லூர் வாசகர்: இப்ப கொழும்பில விக்கிற எம்ஜி அந்த எம்ஜிதானோ?

பெயர் அதே பெயர், கொம்பனி சீனாவின் சைக். மினி பெயர் பீஎம்டபிள்யூவிடம் போனது. அந்த மினிகள் 2001இல் இருந்து ஒக்ஸ்ஃபோர்ட் கௌலியிலேயே தயாராகின்றன.

உரும்பிராய் வாசகர்: மண்ணெண்ணெயில ஓடின மைனர் ஒன்று விலைக்கு வந்திருக்கு. வாங்கலாமோ?

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே ஓடிய பழைய கார்களில் மண்ணெண்ணெய் குடிக்காதது குறைவு. ஏன் மைனரால் அது முடிந்தது என்று தெரிந்தால், எங்கே பழுதைத் தேடுவது என்றும் தெரியும்.

மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் மிகக் குறைவு. அமுக்கம் கூடிய எஞ்சினில் போட்டால் பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது போல 'டங் டங்' என்று தட்டும். ஏ-வரிசையின் குறை-அமுக்க எஞ்சினில் விகிதம் 7.2க்கு 1 மட்டும். அத்தோடு டிஸ்ரிபியூட்டரின் பக்கத்தில் விரலால் திருகும் ஒரு சின்னப் புரி உண்டு. தீ பற்றும் நேரத்தை அதால் பின்தள்ளலாம். எஸ்யூ காபரேற்றரின் ஜெற்றைக் கீழே உள்ள நட்டால் ஏற்றி இறக்கலாம். இன்றைய காரில் இவை எதுவும் கையால் ஆகாது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாததால் காபரேற்றர் வாய்க்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராற் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டியிருந்தது.

கேடு எங்கே வந்தது? எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் உள்ள ஒயில் படையைக் கழுவிக்கொண்டு எஞ்சினடியில் ஒயில் நிற்கும் சம்ப்புக்குள் இறங்கும். ஒயில் தண்ணீராகும். முதலில் றிங், பிறகு கிராங் பெயாரிங். ஆகவே பார்க்கிற கார் அதிகாலையில் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்ரிக்கை எடுத்து மணந்து பாருங்கள். எஞ்சின் சூடானபின் நான்கு பிளக்கையும் கழற்றி, காபரேற்றரை முழுதாகத் திறந்து வைத்து அமுக்கம் பாருங்கள். நான்கும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் எண் கொஞ்சம் குறைந்திருந்தாலும் பரவாயில்லை. ஒன்று மட்டும் குறைந்தால் அந்த ஓட்டைக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு. வால்வு என்றால் மலிவு. ஒயில் லைற் சூட்டிலும் ஐட்லிங்கில் மினுங்கினால் பெயாரிங். விலையில் அதைப் பேசிக் குறையுங்கள்.

மண்ணெண்ணெய் ஓடியதைவிட உப்புக்காற்று அடித்ததுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பே சட்டம். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். கதவுக்குக் கீழ்ப் பட்டி, ஜாக்கி வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் தாங்கும் இடம், தரைக்குக் குறுக்கே போகும் பெட்டி: இங்கே காந்தம் ஒட்டவில்லை என்றால் கறளை மூடிப் 'பற்றி' என்ற நிரப்புப் பசையைப் பூசியிருக்கிறார்கள். பெயின்ற் பளபளப்பாக இருந்து, ஜாக்கியில் தூக்கியதும் கதவு மூட மறுக்கிற காரைத் திரும்பிப் பார்க்காமல் விடுங்கள். எஞ்சினைத் திருத்தலாம்; நடு உடைந்த உடம்பைத் திருத்துகிறவருக்குக் கொடுக்கும் கூலியில் வேறு கார் வாங்கலாம்.

அச்சுவேலி வாசகர்: போன மாதம் சந்தியில் திருப்பேக்க முன் சில்லு மடிஞ்சு விழுந்திட்டுது. மெக்கானிக் குண்டும் குழியும் காரணமெண்டார். சரியோ?

குழி கடைசி உதை. காரணம் கிறீஸ்.

மைனரின் முன் சில்லைத் தாங்குவது ஒரு செங்குத்து அச்சு. அதன் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை 'ட்றனியன்' என்ற உருக்குக் கட்டைக்குள் திருகி நிற்கிறது. ஸ்ரீரிங் திருப்பும்போது ஒவ்வொரு தடவையும் அது மரைக்குள் சுழலும். காரின் முன் பாரம் அந்த மரையில்தான். கிறீஸ் இல்லாமல் மணலும் தண்ணீரும் போனால் மரை ரேகை மாதிரித் தேய்ந்து, ஒரு நாள் கழன்று வரும். வேகத்தில் இல்லாமல் அநேகமாகத் திருப்பும்போது மெதுவாகப் போகையில்தான் நடக்கும், அது உங்கள் அதிஷ்டம். சில்லு மடிகிறபோது பிறேக் ஹோஸையும் இழுத்துக்கொண்டு போகலாம். அப்போது பிறேக்கும் இராது.

ஒவ்வொரு 1,000 மைலுக்கும் கிறீஸ் அடிக்கவேண்டும். ஒரு பக்கத்தில் மூன்று நிப்பிள்: மேல், கீழ், ஸ்ரீரிங் றொட். காரை ஜாக்கியில் தூக்கிச் சில்லைத் தொங்கவிட்டு அடியுங்கள். பாரம் தரையில் இருந்தால் மரையின் அழுத்தப்படும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. பழைய அழுக்குக் கிறீஸ் வெளியே தள்ளப்பட்டு, புதிது எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். நிப்பிள் அடைத்திருந்தால் நிப்பிளை மாற்றுங்கள், 'போகுது போல' என்று விட்டுவிடாதீர்கள்.

தேய்மானம் பார்க்க: தொங்கும் சில்லுக்குக் கீழே ஒரு கம்பியைக் கொடுத்து மேலே நெம்புங்கள், மற்றவர் ட்றனியனைப் பார்க்கட்டும். அச்சு மேலும் கீழும் துள்ளினால் மாற்று. பக்கவாட்டு ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது சில்லுப் பெயாரிங். வாங்கும்போது இடம் வலம் சொல்லி வாங்குங்கள், இரண்டுக்கும் மரை வேறு.

மானிப்பாய் வாசகர்: அம்பாசடர்க் கார்ப் பாகங்கள் இந்தியாவில மலிவு. மைனருக்குப் போடலாமோ?

போகாது. அம்பாசடர் என்பது மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசையின் பேரன்; எஞ்சின் பெரிய பி-வரிசை 1489 சிசி. மைனரின் ஏ-வரிசைக்கு அதில் ஒரு கஸ்கற்கூடப் பொருந்தாது. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ-55 வைத்திருப்பவருக்குத்தான் அதில் இலாபம் உண்டு. அதற்கும் எஞ்சின் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான். மைனருக்கு ஏ-வரிசை எஞ்சின் உள்ளே இருக்கும் பாகங்கள் பழைய மினியில் இருந்தும் வரும். தகட்டுப் பாகங்களுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தேடுங்கள். 1990களில் மைனர் தகடுகளை இலங்கையிலேயே அடித்துப் பிரித்தானியாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். ஒக்ஸ்ஃபோர்ட்டில் பிறந்த காருக்கு மட்கார்ட் எங்கள் தீவில் இருந்து போயிருக்கிறது!

சுன்னாகம் வாசகர்: புது றேடியேற்றர் போட்டும் வெயிலில் கொதிக்குது.

கிணற்றுத் தண்ணீர் ஊற்றினீர்களா? எங்கள் ஊர்த் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் படை எஞ்சின் பொடிக்குள்ளும் (எஞ்சினின் வார்ப்பு உடம்புக்குள்ளும்) படியும். றேடியேற்றரை மாற்றினால் பாதி வேலைதான். பொடியின் பின்பக்கத்தில் ஒரு வடிகால் தப் இருக்கிறது. திறந்தால் ஒன்றும் வராது, ஏனென்றால் அடைத்திருக்கும். தப்பையே கழற்றிவிட்டு, சைக்கிள் ஆரக் கம்பியால் உள்ளே கிளறுங்கள். சிவப்புச் சேறு வரும்வரை கிளறி, தேமோஸ்ராற்றைக் கழற்றி, மேலிருந்து ஹோஸால் தண்ணீர் அடியுங்கள். பிறகு மழைத் தண்ணீரோ வடித்த தண்ணீரோ கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். தேமோஸ்ராற்றைத் திரும்பப் பூட்டாமல் விடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. அது மருந்தல்ல, எஞ்சின் எப்போதும் குளிர்ந்து ஓடி ஒயில் கெடும்.

யாழ் நகர் வாசகர்: தம்பி போன் சார்ஜர் பூட்டினவன். போனும் போச்சு, வயரும் புகைஞ்சது.

உங்கள் காரில் உடம்புக்கு இணைக்கப்பட்டிருப்பது பற்றறியின் பொசிற்றிவ். இன்றைய சார்ஜர்கள் உடம்பு நெகற்றிவ் என்று நம்பிச் செய்யப்பட்டவை.

நெகற்றிவுக்கு மாற்றுவது ஒரு பின்னேர வேலை. பற்றறியைக் கழற்றித் திருப்பி வையுங்கள். பொசிற்றிவ் தலை தடிப்பு, நெகற்றிவ் தலை மெல்லிது, ஆகவே கிளிப்புகளையும் மாற்ற வேண்டும். டைனமோவில் இருக்கும் இரண்டு வயரையும் கழற்றுங்கள். பற்றறியின் பொசிற்றிவில் இருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவின் சின்ன முனையை, 'எஃப்' என்று இருக்கும், இரண்டு மூன்று தடவை தட்டித் தட்டி எடுங்கள்; சின்னப் பொறி வரும். டைனமோவுக்குள் காந்தத்தின் திசை மாறிவிட்டது. வயர்களைப் பழையபடி பூட்டுங்கள். கடைசியாகக் கொயிலின் இரண்டு சின்ன வயர்களை இடம் மாற்றுங்கள். இதைத்தான் பலர் மறப்பார்கள். மறந்தாலும் எஞ்சின் ஓடும், பொறி மட்டும் வலு குறையும், ஏற்றத்தில் இழுக்காது. மலை இல்லாத ஊரில் வருசக்கணக்கில் ஒருவருக்கும் தெரியாது.

டைனமோ தருவது 20 அம்பியர் அளவுதான். போன் சார்ஜருக்குப் போதும். பெரிய செற்றும் அம்பிளிஃபயரும் பூட்டி, இரவில் ஹெட்லைற்றும் போட்டுக் கீரிமலைக்குப் போனால் திரும்பி வரத் தள்ளுவதற்கு ஆள் வேண்டும்.

பருத்தித்துறை வாசகர்: எங்கட மைனர் எந்த வருசமெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? புத்தகத்தில அழிஞ்சிட்டுது.

முன் கண்ணாடி நடுவில் பிரிந்திருந்தால் 1956க்கு முந்தியது. ஒரே கண்ணாடி, 948 சிசி என்றால் 1956–62. அதற்குப் பிறகு 1098 சிசி. கதவுத் தூணில் இருந்து எழும்பி நிற்கும் சிவப்புக் கை இண்டிக்கேற்றர் 1961வரை. பல்க்ஹெட் தகட்டில் எம்ஏ2எஸ்5 என்று தொடங்கினால்: எம் மொறிஸ், 2எஸ் இரண்டு கதவு, 5 என்பது 1098 சிசி வரிசை. இலக்கத் தகட்டை நம்பாதீர்கள். அது இங்கே பதிந்த நாளைத்தான் சொல்லும்; பழைய எஞ்சின் கழன்று வேறு எஞ்சின் ஏறியிருக்கலாம், ஆகவே எஞ்சின் எண்ணையும் உடம்பு எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.